பின் கேட்

ஆம்புலன்ஸ் வந்தால் முன் கேட்டை உடனே திறக்க வேண்டும் என்று பேரூராட்சியிலிருந்து எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு நோட்டீஸ் வந்தது. சங்கச் செயலாளர் என்பதால் வீடு வீடாகக் கையெழுத்துக்கு அலைந்தேன். மூன்றாம் மாடிக்காரர் மட்டும் மசியவில்லை.

"முன் கேட்டுல புள்ளையார் இருக்குறாரு சார். ஆம்புலன்ஸ் பின்னாடி வரட்டும்."

பின் கேட்டை நாங்கள் பிணம் எடுக்க மட்டுமே திறப்போம். எத்தனையோ முறை படியேறிச் சொல்லிப் பார்த்தேன். என் முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம்.

போன மாதம் ஒரு காலையில் அவருக்கே நெஞ்சுவலி. அவர் சொன்னபடியே ஆம்புலன்ஸைப் பின் கேட்டில் நிறுத்தவைத்தேன். ஸ்ட்ரெச்சர் அந்தப் பக்கம் திரும்பியதும் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"அந்த வழியா வேணாம் சார். முன்னாடியே போவலாம். நான் இன்னும் சாவல."