பிரேக்கிலிருந்து எடுக்க முடியாத கால்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு பேய், பிசாசு, முனி எதிலும் நம்பிக்கை கிடையாது. கண்டி மாநகர சபையில் தண்ணீர்ப் பகுதியில் வேலை. இருபத்தாறு வருஷமாக மீட்டர் பார்க்கவும் குழாய் வெடிப்பு பார்க்கவும் போகாத இடமில்லை, ஆள் இல்லாத பங்களா, சுடுகாட்டு ஓரம், எல்லாம் போயிருக்கிறேன், பாம்பைக் கண்டிருக்கிறேன், குடித்துவிட்டு விழுந்து கிடந்தவர்களைக் கண்டிருக்கிறேன், வேறு ஒன்றையும் கண்டதில்லை. கேன்டீனில் யாராவது இந்த மாதிரிக் கதை தொடங்கினால் முதலில் சிரிக்கிறவன் நான்தான். அதனால் நீங்களும் சிரிக்கலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன். முழுக்கக் கேட்டுவிட்டுச் சிரியுங்கள், அவ்வளவுதான்.

என்னிடம் ஒரு பழைய ஜீப் இருக்கிறது. அலுமினியத் தகடு போர்த்திய உடம்பு, முன்னால் மூன்று பேர் ஒட்டி உட்காரலாம், முதுகுக்குப் பின்னால் தகரச் சுவர், அதற்குப் பின்னால் சாமான் போடுகிற திறந்த தொட்டி. பன்வில பக்கம் ஒரு தோட்டத்தில் பழைய ஷெட்டுக்குள் ஆடுகள் படுத்துக் கிடந்த வண்டி அது. நான் அதைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தபோது என் மனைவி செல்வி வாசலில் நின்று பார்த்துவிட்டு அப்படியே உள்ளே போனாள். கட்டுகஸ்தோட்டையில் கராஜ் வைத்திருக்கும் நிஸாம் நாநா மட்டும்தான் அதன் சேஸியைச் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு, இது எழும்பும் என்றார். அதற்குப் பிறகு நாலு வருஷம், ஞாயிற்றுக்கிழமை என்றால் நான் அவருடைய கராஜில்தான். துருப்பிடித்த ஒரு நட்டைக் கழற்ற ஒரு பகல் முழுக்கப் போகும், கழன்றுவிட்டால் இரண்டு பேரும் டீ வாங்கிக் குடித்துக் கொண்டாடுவோம். முதன்முதலில் இஞ்சின் பிடித்த அன்று அறுபது வயது மனுஷன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். இந்தப் பைத்தியம் இல்லாதவர்களுக்கு இது விளங்காது.

செல்விக்கு விளங்கவில்லை. அவளுக்கு அது 'தகரம்'. நாலு வருஷத்தில் ஒரு நாள்கூட அதில் ஏறி உட்கார்ந்ததில்லை. போன வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெயின்ட் அடித்து முடித்த மறுவாரம், அவளாகவே வந்து, "என்னாங்க, ஒங்க தகரத்துல ஹந்தானை மலைப் பக்கம் ஒரு சுத்து போய்ட்டு வருவமா?" என்று கேட்டாள். நல்ல சேலை உடுத்தியிருந்தாள், ரொட்டியும் சம்பலும் கட்டியிருந்தாள். நீங்கள் என் இடத்தில் இருந்தால் முடியாது என்று சொல்வீர்களா?

சொல்லியிருக்க வேண்டும். வண்டி முடியவில்லை. இடது பக்கக் கதவுக்குப் பூட்டு கிடைக்காமல் வெளியிலிருந்து கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தோம். ஹோர்னுக்கு வயர் இழுக்கவில்லை. எல்லாவற்றையும்விட மோசம், முன் சக்கரங்களுக்குப் போகிற ஷாஃப்டை நாநா கழற்றி வைத்திருந்தார், அதற்கு ஒரு சாமான் கொழும்பிலிருந்து வரவேண்டும். அதாவது நாலு சக்கரமும் இழுக்க வேண்டிய ஜீப், பின் சக்கரத்தால் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. "தம்பி, தட்டையான ரோட்ல மட்டும் ஓட்டுங்க, மலைப் பக்கம் போக வாணாம்" என்று நாநா இரண்டு தரம் சொல்லியிருந்தார். பழைய வண்டி செய்கிறவர்கள் எல்லோருக்கும் இந்த வியாதி உண்டு, முடியும் முன்னே ஓட்டிவிட வேண்டும், அதுவும் யாராவது பார்க்க ஓட்ட வேண்டும். எனக்கு செல்வி பார்க்க வேண்டும்.

கம்பி கட்டிய கதவால் ஏற முடியாது என்பதால் அவள் என் பக்கத்துக் கதவால் ஏறி, கியர் கம்புகளைத் தாண்டி, சேலையைத் தூக்கிப் பிடித்துத் திட்டிக்கொண்டே அந்தப் பக்கம் போய் உட்கார்ந்தாள். ஆனால் வழியில் தோட்டத் தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் கையாட்டியபோது அவளும் ஆட்டினாள், ராணி மாதிரி. அந்தச் சிரிப்புக்காகத்தான் தார் ரோட்டோடு நிற்காமல், மேலே கைவிட்ட தேயிலைக்குள் போகிற பழைய கல் பாதையில் திருப்பினேன். உச்சியிலிருந்து கண்டி வாவியையும் ஊரையும் காட்டலாம் என்று ஆசை.

மூன்று மணி இருக்கும். நாலைந்து வளைவு ஏறினோம், பனிமூட்டம் இறங்கத் தொடங்கியது, ஒரு செங்குத்தான ஏற்றத்தில் பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம். இஞ்சின் இரைந்தது, வண்டி நின்றுவிட்டது, பிறகு மெதுவாகப் பின்னால் போனது. பிரேக்கை மிதித்தேன். நின்றது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டுக் காலைத் தளர்த்தினேன், திரும்பவும் போனது. கியரில் போட்டுப் பார்த்தேன், அதுவும் பிடிக்கவில்லை. பின் அச்சுக்குள் இருக்கிற ஷாஃப்ட் முறிந்துவிட்டது என்று அப்போதே விளங்கிவிட்டது. அது முறிந்தால் இந்த ஜீப்பில் கியரும் பிடிக்காது, ஹேண்ட் பிரேக்கும் பிடிக்காது, இரண்டும் அதன் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகின்றன. முன் ஷாஃப்ட் இருந்திருந்தால் தப்பியிருப்போம், அது நாநாவின் மேசையில் கிடந்தது. மிச்சம் இருந்தது என் வலது கால் ஒன்றுதான்.

பின்னால், ஒரு ஆள் நீளத்தில் பாதை வளைகிறது. வளைவுக்கு அப்பால் பள்ளம். கண்ணாடியில் பார்த்தால் பனிமூட்டம் மட்டும் தெரிந்தது.

நான் இறங்க முடியாது. செல்வி இறங்குவதென்றால் என் மடியைத் தாண்டித்தான் இறங்க வேண்டும். "மெதுவா வா" என்றேன். அவள் எழுந்து ஒரு காலைக் கியர் கம்புக்கு இந்தப் பக்கம் வைத்தாள், வண்டி குலுங்கி ஒரு சாண் பின்னால் வழுக்கியது. அவள் கத்திவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகு இரண்டு பேரும் மூச்சுவிடக்கூட யோசித்தோம்.

போன் வேலை செய்தது. நாநா அக்குறணையில் ஒரு கலியாண வீட்டில் இருந்தார். நான் திக்கித் திக்கிச் சொன்னதும் அவர் திட்டவில்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. "தம்பி, கால எடுக்க வாணாம். என்ன நடந்தாலும் எடுக்க வாணாம். நான் இந்தா வெளிக்கிட்டன்" என்றார். வேறு யாரையும் கூப்பிடவில்லையா என்று கேட்பீர்கள். கூப்பிட்டோம். செல்வியின் தம்பி கொழும்பில் இருந்தான். எங்கள் தெரு ஆட்டோக்காரர் அந்தப் பாதையில் ஆட்டோ ஏறாது என்றார். லயம் வெகு கீழே, ஹோர்ன் கிடையாது, கத்திப் பார்த்தோம், யாருக்கும் கேட்கவில்லை.

அப்படியே உட்கார்ந்திருந்தோம். செல்வி முதலில் அழுதாள், பிறகு திட்டினாள். "நாலு வருஷமா ஞாயித்துக்கெழமைய இதுக்குத்தான் குடுத்தீங்களா? என்னைய இதுக்குள்ள போட்டு அடைக்கவா?" வெட்கமாக இருந்தது. ஒரு கம்பித் துண்டால் அவள் கதவைக் கட்டியவன் நான்தானே. நான் விழுந்தால் பரவாயில்லை, இவளை இறக்கிவிட வேண்டும், அது ஒன்றுதான் தலைக்குள் ஓடியது. கால் முதலில் நடுங்கியது, பிறகு விறைத்தது, பிறகு அது என் கால்தானா என்றே தெரியவில்லை.

இனிமேல் சொல்வதைத்தான் நீங்கள் நம்பப் போவதில்லை.

முக்கால் மணி நேரம் போயிருக்கும். செல்வி அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பிக் கண்ணை மூடி முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். எனக்குக் கெண்டைக்காலில் பிடித்துக்கொண்டது பாருங்கள், அப்படியொரு வலி, கால் தானாகச் சுருண்டு மேலே வந்து முழங்கால் ஸ்டியரிங்கில் அடித்தது. பெடலில் என் கால் இல்லை. போய்விட்டோம் என்று நினைத்தேன். செல்வியின் கையைப் பிடிக்கக் கையை நீட்டினேன்.

வண்டி அசையவில்லை.

குனிந்து பார்த்தேன். பகல் வெளிச்சம், பனிமூட்டம் என்றாலும் உள்ளே நன்றாகத் தெரிந்தது. பெடல் கீழேயே இருந்தது. நான் எந்த இடத்தில் மிதித்துப் பிடித்திருந்தேனோ அதே இடத்தில், கொஞ்சம்கூட மேலே வராமல். இந்தப் பெடலுக்கு ஸ்பிரிங் உண்டு ஐயா, நானே மாட்டிய புது ஸ்பிரிங், விட்டால் டப்பென்று மேலே வரும். வரவில்லை. அதன் மேல் எதுவும் இல்லை. நான் பார்த்தபடி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணியிருப்பேன், பிறகு பயத்தில் காலைத் திரும்ப வைத்தேன்.

பெடல் ரப்பர் எப்படி இருக்கும் என்று என் காலுக்குத் தெரியும். நான் போட்டிருந்தது மெல்லிய ரப்பர் செருப்பு. நான் மிதித்தது ரப்பரை அல்ல. சூடாக இருந்தது. மேலே மெத்தென்று, உள்ளே எலும்பு வரிவரியாக. பஸ்ஸில் நெரிசலில் தெரியாமல் யாருடைய காலையாவது மிதித்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது. ஒரு மனுஷக் கால்.

எடுத்திருப்பீர்கள் இல்லையா? நானும் எடுக்கத்தான் பார்த்தேன். ஆனால் யோசித்துப் பாருங்கள், எடுத்தால் அதுவும் எடுத்துவிட்டால்? செல்வி பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் சொன்னால் பயத்தில் எழும்புவாள், எழும்பினால் வண்டி குலுங்கும். அதனால் ஒன்றும் சொல்லாமல், கீழே பார்க்காமல், முன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு, அதன் மேல் என் முழுப் பாரத்தையும் வைத்து மிதித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல். இடையில் இரண்டு தரம் அந்த விரல்கள் கொஞ்சம் அசைந்து திரும்ப அழுத்திப் பிடிப்பதை உணர்ந்தேன், மரத்துப்போன காலை நாம் அசைத்துப் பார்ப்போமே, அது மாதிரி. வேர்த்துக் கொட்டியது. "என்னாங்க, காய்ச்சலா? ஒடம்பு இப்பிடிக் கொதிக்குது?" என்று செல்வி என் தோளைத் தொட்டுக் கேட்டாள். அவள் கோபமெல்லாம் போய்விட்டிருந்தது. "ஒண்ணுமில்ல, பேசாம இரு" என்றேன்.

நாநா நடந்துதான் மேலே வந்தார், கலியாணச் சட்டையோடு, வேர்த்து விறுவிறுத்து. வந்தவர் முதல் வேலையாகப் பாதை ஓரத்தில் கிடந்த பெரிய கல்லாகப் பார்த்துப் புரட்டி இரண்டு பின் சக்கரத்துக்கும் இறுக்கி வைத்துவிட்டு, என் பக்கத்துக் கதவைத் திறந்தார். "இப்ப எடுங்க தம்பி."

நான் எடுத்தேன். வண்டி 'கிறீச்' என்று முனகிக்கொண்டு கல்லின் மேல் சாய்ந்தது. அந்தக் கல் இல்லையென்றால் அது பள்ளத்தில்தான் நின்றிருக்கும், அதை நீங்கள் மறந்துவிடக் கூடாது. என்னால் இறங்கி நிற்க முடியவில்லை, நாநா தாங்கிப் பிடித்தார். செல்வி இறங்கியதும் மண்ணிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

நாநா என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். "கீழ ரெண்டு வளைவுக்கு முந்தியே பாதையில பிரேக் எண்ணெய் சொட்டியீக்கி. கண்டதும் என் உசிரு போயிட்டு" என்றார். பானட்டைத் திறந்து எண்ணெய் ஊற்றுகிற டப்பாவைக் காட்டினார், காய்ந்து கிடந்தது. பின்னால் போகிற பிரேக் குழாய் ஒரு விளிம்பில் உரசி ஓட்டையாகியிருந்தது. பிறகு குனிந்து பிரேக் பெடலைத் தன் இரண்டு விரலால் அழுத்தினார். தரை மட்டும் போனது, எந்தப் பிடிப்பும் இல்லாமல், விட்டதும் டப்பென்று மேலே வந்தது. நாற்பது வருஷமாக இந்த வண்டிகளைச் செய்கிறவர், திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தார்.

"இந்த வண்டிக்கு ஒரே லைன்தான் தம்பி. ஒரு எடத்துல ஓட்டையெண்டா நாலு சக்கரத்துக்கும் இல்ல. நீங்க இங்க வந்து நிக்கிற நேரமே இதுல பிரேக் இல்ல. அப்ப ரெண்டு மணித்தியாலமா நீங்க எதத்தான் மிதிச்சிட்டு இருந்தீங்க?"

நான் அவரிடம் சொல்லவில்லை. செல்வியிடம் அன்று ராத்திரியே சொன்னேன். சிரிப்பாள் அல்லது அழுவாள் என்று நினைத்தேன். அவள், "அவ்வளவு நேரம் மிதிச்சீங்களே, தொட்டுக் கும்பிட்டீங்களா?" என்று கேட்டாள். நம்மாட்களுக்குச் சின்ன வயதிலிருந்து வந்த பழக்கம்தானே, தெரியாமல் ஒருவர் மேல் கால் பட்டுவிட்டால் உடனே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். அலுவலகத்தில் சிங்கள நண்பரின் காலில் பட்டாலும் எனக்குக் கை தானாகப் போகும். அன்று போகவில்லை. அறுபது எழுபது நிமிஷம், எண்பது கிலோ ஆள், யாரென்று தெரியாத ஒருவருடைய காலை மிதித்திருக்கிறேன். வலித்திருக்கும். ஒரு தரம்கூட அது காலை இழுத்துக்கொள்ளவில்லை.

ஜீப்பை விற்கவில்லை. எல்லாம் புதிதாக மாற்றியாகிவிட்டது, முன் ஷாஃப்டும் பூட்டியாகிவிட்டது. செல்வி இப்போது மாதத்தில் ஒரு தரமாவது அதில் வருகிறாள், அதுவும் ஒரு அதிசயம்தான். முதல் தடவை திரும்ப ஓட்டப் போனபோது, பெடலைத் தொட்டுக் கும்பிட்டுவிடலாம் என்று குனிந்தேன். கை பாதி வழியில் நின்றுவிட்டது. தொடுகிற இடத்தில் ரப்பர் இல்லாமல் இருந்துவிட்டால் என்ன செய்வது? நிமிர்ந்து, செருப்பைக் கழற்றி வெளியில் வைத்துவிட்டு வெறுங்காலோடு ஏறினேன். அன்றிலிருந்து அப்படித்தான்.

பிரேக் மிதிக்கிறபோது நாநா பக்கத்தில் இருந்தால் சத்தம் போடுவார், "என்ன தம்பி தடவுற மாதிரி மிதிக்கிறீங்க, அழுத்தி மிதிங்க" என்று. என்னால் முடியவில்லை. தட்டையான ரோட்டில் ஒன்றுமில்லை, வெறும் ரப்பர்தான். ஏற்றத்தில் நிற்கிறபோதுதான், எப்போதாவது, பாதத்துக்குக் கீழே சூடேறுகிறது. அந்த நேரம் நான் காலின் பாரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன். வண்டி அசைவதில்லை.