ஒரே சூட்டில் பன்னிரண்டு ஜாடி

திருமானூர் சாலையில் எங்கள் ஜாடிப் பட்டறை நடந்தது எழுபத்தெட்டு வாக்கில். ஊறுகாய் ஜாடிதான் சரக்கு. வனைந்து காயவைத்த ஜாடியை ஒருமுறை சுடுவோம். பிறகு, மினுமினுப்பு தரும் கிளேஸ் கரைசலில் முக்கி மறுபடியும் சுடுவோம். ஏன் இரண்டு முறை என்று யாரும் கேட்டதில்லை. கமலவேணி கேட்டாள்.

நான்கு வருடம் குழியில் களிமண் வெட்டிவிட்டு, ஜாடி முக்கும் வேலைக்கு அப்போதுதான் வந்திருந்தாள். கேள்வி கேட்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. பதில் சொல்லி, கூட வேலை பார்த்த எனக்கு வாய் வலிக்கும். சூளைக்காரர் அமிர்தலிங்கம் அண்ணனோ, சோலியைப் பார் என்று சீறுவார்.

ஒரே சூடு போதாதா என்று பார்க்க, ஒருநாள் சுடாத ஜாடி ஒன்றை, நன்றாகக் காய்ந்ததை, கரைசலில் முக்கிவிட்டாள். அது தண்ணீரைக் குடித்து அவள் கையிலேயே பிட்டுக்கொண்டது. அன்று அண்ணனிடம் வாங்கிய திட்டுக்கு நானாக இருந்தால் ஊரைவிட்டே போயிருப்பேன்.

அவள் மறுநாள், நகம் பதிகிற ஈரத்தில் இருந்த ஜாடியை முக்கினாள். ஜாடி நின்றது. ஆனால் காயக் காயப் பூச்சு செதில் செதிலாக உரிந்தது. மூன்று நாள் யோசித்தாள். பிறகு ஜாடி வனைகிற களிமண்ணையே கரைசலில் கலந்தாள். ஜாடி சுருங்கும்போது பூச்சும் கூடவே சுருங்க வேண்டுமாம். சுவருக்கு மண் பூசுகிறவளுக்கு இது தெரியாதா என்றாள். எனக்குத் தெரியவில்லை. என் வீடு காரை வீடு.

பூச்சு உரியவில்லை. விறகு பாதியாகக் குறையுமே என்று முதலாளி சைபுல்லா பாய் பன்னிரண்டு ஜாடிகளுக்கு அனுமதி கொடுத்தார். அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. சூளைக்குள் பெண்கள் கால் வைப்பதையே ஒப்பாதவர் அவர்.

"வெடிச்சு என் சரக்கக் கெடுத்துச்சுன்னா நீ திரும்பக் குழிக்குத்தான் போவணும்" என்றார்.

போன மழையில் அந்தக் குழி சரிந்து இடுப்புவரை புதைந்தவள் அவள். இருந்தும் ஒன்று கேட்டாள்.

"மொத நாளு பூரா சின்ன நெருப்பு போதுங்கண்ணே. ஈரம் நிதானமா வெளிய போவட்டும்."

முணுமுணுத்துக்கொண்டே அண்ணன் அப்படியே எரித்தார்.

சூளை ஆறியதும் திறந்தோம். பத்து ஜாடிகள் தேன் நிறத்தில் பளபளத்தன. இரண்டு பிளந்திருந்தன. மற்ற சரக்குக்குச் சேதமில்லை. அண்ணன் ஒன்றை எடுத்து விரல்முட்டியால் தட்டினார். கணீரென்றது. தண்ணீர் ஊற்றிவைத்து, வெகுநேரம் கழித்து அடியைத் தடவிப் பார்த்தார். கசிவில்லை.

"அடுத்த சூளைய நீயே அடுக்கு" என்றார்.

எனக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கிவிட்டது. கமலவேணி அதற்குள் சூளைக்குள் குனிந்து போய், பிளந்த ஜாடியின் துண்டுகளோடு வெளியே வந்தாள்.

"அடுக்குறேங்கண்ணே. இந்த ரெண்டு மட்டும் ஏன் பொளந்துச்சு?"

அண்ணன் துண்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எனக்கும் தெரியல, கமலவேணி" என்று அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.