தாலுகாச் சீட்டும் தகர வில்லையும்

என் தாலுகாச் சீட்டை ஒளித்துவைத்தவர் என் அத்தான். செத்துப்போன என் அக்காளின் புருஷன். சாடையாகச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை. அவர் ஒளித்தார். அதனால் நான் நாலு வருஷம் கண்டிச்சீமையில் ஒரு தேயிலை மலையில் கட்டிப்போட்ட மாடாகக் கிடந்தேன்.

அக்காள் போன மறு வருஷமே அத்தான் என் தங்கையைப் பெண் கேட்டார். அக்காள் கல்யாணத்தன்று குழந்தையாயிருந்த அவளை இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு பந்தலைச் சுற்றியவர் அவர். அப்பா இல்லாத வீடு. அம்மா வாய் திறக்கவில்லை. நான்தான் முடியாது என்றேன்.

"உரிமையிலதான வே கேக்கேன்" என்றார்.

"உரிமைக்கு ஒருத்தியைக் குடுத்தாச்சு அத்தான். அவளைச் சுடுகாட்டுல வச்சிட்டும் வந்தாச்சு."

அவருக்குக் கோபம் வரவில்லை. சிரித்தார். அதற்குப் பிறகு என்மேல் ஒரே பிரியம். நான் அந்தப் பிரியத்தை நம்பினேன்.

கொழும்பில் எங்கள் பக்கத்து டவுண்காரர் ஒருவர் நடத்திய பாத்திரக்கடையில் எனக்குக் கணக்கெழுதும் வேலை ஏற்பாடாகியிருந்தது. கார்த்திகை முடியுமுன் வந்து சேரவேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள் பார்ப்பேன் என்று எழுதியிருந்தார். தங்கைக்கு நான் போவதில் பயம். அவள் பயம் எதற்கென்று எனக்குத் தெரியும். "நீ ஒரு காயிதம் போடு. கையில கெடச்ச நாலாம் நாள் வாசல்ல வந்து நிக்கேன்" என்று சொன்னேன். சத்தியம் செய்யவில்லை. எங்கள் வீட்டில் சொன்னால் போதும்.

கடல் கடந்து போய்த் தங்குகிறவனுக்கு அப்போது பல வழிகள் உண்டு. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஐந்து வருஷ ஒப்பந்தத்தில் கைநாட்டு வைக்கலாம். எங்கள் தெருவில் அதைப் பேசவே மாட்டார்கள். இலங்கைக்கென்றால் இரண்டு வழி. ஒன்று கங்காணி வழி. தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் கூட்டிப்போகிறவன் கங்காணி. அங்கே போனபின் அவர்களை மேய்ப்பவனும் அவனே. தோட்டத்தின் எண் குத்திய தகர வில்லையைக் கயிற்றில் கோத்து ஒவ்வொருவன் கழுத்திலும் மாட்டுவான். அது தொங்கினால் துறைமுகத்தில் ஒரு கேள்வி கிடையாது. ஆனால் தோட்டத்தை விட்டு வெளியே வரத் துரை எழுதித் தரும் துண்டு வேண்டும். துண்டில்லாதவனை வேறு எவனும் வேலைக்கு வைக்கமாட்டான். ஓடினால் வாரண்டு.

மற்றது சொந்தமாகப் போவது. கொள்ளைநோய்க் காலம் ஆகையால், இவன் இன்னாருடைய மகன், இவன் தெருவில் நோய் இல்லை என்று தாலுகா ஆபீசில் எழுதிக் கொடுக்கிற சீட்டு வேண்டும். அந்தச் சீட்டில் போனவன் நினைத்த நாளில் கப்பலேறித் திரும்பலாம். எனக்கு வேண்டியது இதுதான் என்று நன்றாகத் தெரிந்துதான் மனுக் கொடுத்தேன். ஒரு வாரத்துக்குள் வரும் என்றார்கள்.

கெட்டது நாள் பார்த்ததில். கார்த்திகையில் பயணத்துக்கு ஒரே ஒரு நல்ல நாள்தான் இருக்கிறது, அதுவும் நாளைக் காலையில் என்று அத்தான் பஞ்சாங்கத்தோடு வந்தார். சீட்டு இன்னும் வரவில்லை. அதற்கென்ன, பரஸ்தானம் வைத்துவிடலாம் என்றார். நல்ல நேரத்தில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு புறப்பட்டு, போகிற திசையில் இன்னொருவர் இடத்தில் போய்த் தங்குவது. அத்தோடு பயணம் தொடங்கியதாகக் கணக்கு. ஏழு நாள் வரைக்கும் செல்லும். அதற்குள் மேற்கொண்டு நகராவிட்டால் செத்த பயணம். வீட்டுக்குத் திரும்பி வேறு நாள் பார்க்கவேண்டும். ஏழு நாளுக்கு நடுவில் திரும்பி வீட்டுப் படியேறினாலோ, வீட்டில் இருக்கிறவர்களுக்கு ஆகாது. அப்படித்தான் எங்கள் வழக்கம்.

கப்பலேறும் தூத்துக்குடி கிழக்கே. தச்சநல்லூரில் எங்கள் வீட்டுக்குக் கிழக்கே அத்தானுடைய நெல் கிட்டங்கி இருந்தது. காலையில் அம்மா காலில் விழுந்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் இரண்டு தெரு நடந்து அந்தக் கிட்டங்கிக்குள் போய் உட்கார்ந்தேன். நெல் மூட்டை, சாக்கு, எலி, நான். வெளியே விடாத மழை.

மத்தியானம் அம்மாவும் தங்கையும் சோறு கொண்டுவந்தார்கள்.

"கொளும்புல மழை எப்படிண்ணே?" என்றாள் தங்கை.

"இங்கன பேயுத மாதிரிதான் அங்கனயும் பேயுது."

"அங்கன நம்ம ஊரு சோறு கெடைக்காதுன்னாவ. அதான் கப்பல்ல வச்சுக் கொண்டாந்தேன்."

"ஏட்டி, வாயை மூடு. கெளம்பினவன்ட்ட என்ன வெளையாட்டு" என்று அம்மா அதட்டினாள். நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். நாங்கள் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

என் சீட்டை வாங்கிவருகிறேன் என்று அத்தான் தினமும் காலையில் டவுணுக்குப் போவார். சாயங்காலம் வரும்போது கேட்பேன்.

"வந்துட்டா அத்தான்?"

"வரல மாப்ளே. சர்க்கார் காரியம்லா. பைய வரும்."

முதல் நாள் இது. இரண்டாம் நாளும் இதுவே. மூன்றாம் நாள், நானே போய்க் கேட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன்.

"தாலுகா ஆபீசு மேக்கலா கெடக்கு. கெழக்க கெளம்பினவன் மேக்க காலெடுத்து வைப்பானா வே? ஒமக்கு ஒண்ணும் இல்ல. ஒம்ம அம்மைக்குத்தான் ஆகாது."

உட்கார்ந்துவிட்டேன். பூட்டு இல்லை, காவல் இல்லை. வாசல் கதவு பகலெல்லாம் திறந்தே கிடந்தது. ஜெயிலில் இருப்பவனாவது சுவரைத் திட்டலாம். நான் எதைத் திட்ட?

ஐந்தாம் நாள் அம்மா வரவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்பிள்ளையைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு தங்கை வந்தாள். அம்மாவுக்குக் காய்ச்சல் என்றாள். நான் துண்டை உதறித் தோளில் போட்டேன். அவள் வாசலில் குறுக்கே நின்றாள்.

"நீ எந்திரிப்பேன்னு அம்மைக்குத் தெரியும். வந்தா என் பொணத்தைத்தான் பாப்பேன்னு சொல்லச் சொன்னா."

இரண்டு தெருவுக்கு அப்பால் அம்மா காய்ச்சலில் கிடந்தாள். நான் நெல் மூட்டைமேல் கிடந்தேன். ஆறாம் நாளும் சீட்டு வரவில்லை என்றார் அத்தான்.

ஏழாம் நாள் காலை இரண்டு மாட்டுவண்டிகள் கிட்டங்கி வாசலில் வந்து நின்றன. வண்டிகளில் பத்து இருபது பேர், மடியில் மூட்டை. அத்தானோடு ஒரு கங்காணி இறங்கினான்.

"இன்னைக்குப் பொழுது சாஞ்சா ஒம்ம பயணம் செத்துச்சு மாப்ளே. மார்கழில எவனும் நாள் குறிக்கமாட்டான். தையில போய் நின்னா கடைக்காரரு யாருன்னு கேப்பாரு" என்றார் அத்தான்.

கங்காணி என் கையைப் பிடித்துக்கொண்டான். "தம்பி, தகரம் சும்மா கப்பல் ஏறதுக்குத்தான். கொளும்புல எறங்கினதும் கழத்தி எங்கிட்டக் குடுத்துட்டு நீங்க ஒங்க கடைக்குப் போயிருங்க."

தகரம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கழுத்தை நீட்டினேன். ஏழு நாள் அந்தக் கிட்டங்கியில் இருந்தவனுக்கு வெளியே போகிற வழி எதுவானாலும் போதும் என்று ஆகிவிட்டது. இதில் என் தப்பு உண்டு. அதையும் எழுதிவைக்கிறேன்.

கொழும்பில் யாரும் எதையும் கழற்றவில்லை. கரையிலிருந்தே ரயிலில் ஏற்றி மலைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே பேரேட்டில் என் பெயருக்கு முன்னால் அந்தத் தகரத்தின் எண்ணை எழுதினார்கள். கவ்வாத்துக் கத்தியைக் கையில் கொடுத்தார்கள். கணக்கெழுதத் தெரியும் என்றேன். அப்படியென்றால் செடியை எண்ணிக்கொண்டே வெட்டு என்றான் கங்காணி.

இரண்டாம் வருஷம் தங்கையின் கடிதம் வந்தது. இரண்டே வரி. 'ஆவணியில் நாள் வைத்துவிட்டார்கள். நாலாம் நாள் வருவேன் என்றாய்.' மாப்பிள்ளை யார் என்று அவள் எழுதவில்லை. எழுதத் தேவையும் இல்லை. கங்காணியிடம் துண்டு கேட்டேன். பதினைந்து நாள் கழித்துத் திரும்பி வந்துவிடுகிறேன் என்றேன். "கல்யாணம்னா சந்தோசமான காரியந்தான. இங்கன இருந்தே சந்தோசப்படு" என்றான். துரை பங்களா வாசலில் போய் நின்றேன். துரையைப் பார்க்கக் கங்காணிதான் விடவேண்டும்; விடவில்லை. முதல் நாள், இரண்டாம் நாள் என்று எண்ணினேன். நாலாம் நாளும் போயிற்று. அதற்குமேல் எண்ணவில்லை.

மலைக்காய்ச்சலில் விழுந்து கத்தி பிடிக்க முடியாதவன் ஆனபிறகுதான் துண்டு எழுதினார்கள். ஊருக்கு வந்தேன். அம்மாவையும் அத்தான் தன் வீட்டிலேயே வைத்திருந்தார். அம்மா என்னைப் பார்த்து அழுதாள். அத்தான் எழுந்துவந்து கட்டிக்கொண்டார். "எளச்சுப்போனீரே மாப்ளே" என்றார்.

அவர் டவுணுக்குப் போன பிறகு தங்கை அடுக்களையிலிருந்து வந்தாள். சேலை மடிப்புக்குள்ளிருந்து ஒரு காகிதத்தை எடுத்து என்முன் வைத்தாள்.

"இது ஒனக்குள்ளதா பாரு. தாலி கட்டி ஒரு மாசம் கழிச்சு அவரு பெட்டியில கெடந்துது."

என் பெயர். என் அப்பா பெயர். தெருவில் நோய் இல்லை என்ற வரி. தாலுகா முத்திரை. அதன் கீழே தேதி. நான் கிட்டங்கியில் உட்கார்ந்திருந்த நாலாம் நாள்.

நான் எழுந்தேன். அவள் மறுபடியும் குறுக்கே நின்றாள், கிட்டங்கி வாசலில் நின்றது போலவே.

"வீட்டுல கேக்காதே. நீ கேட்டுட்டுப் போயிருவ. அப்புறம் எனக்குத்தான் விழும். நாலு பேரு இருக்கையில கேளு. அப்ப அவரால கை ஓங்க முடியாதுல்லா."

அதனால்தான் வீட்டில் கேட்கவில்லை. நாலு பேர் படிக்க எழுதிக் கேட்கிறேன்.

அத்தான், வருகிற பங்குனி உத்திரத்துக்கு நம் குடும்பத்துச் சாஸ்தா கோயிலில் சொந்தம் முழுவதும் கூடும். நீரும் வருவீர், ஒரு வருஷமும் தவறியதில்லை. சீட்டோடு நானும் வருவேன். சீட்டை எடுத்துக் கொடுத்ததற்காகத் தங்கைமேல் உம் கை பட்டால், அதையும் அங்கேயே கேட்பேன். பொங்கப்பானை இறக்கியதும், இலை போடுமுன், எல்லோரும் பார்க்கச் சாஸ்தாவின் முன்னால் எழுந்து நின்று சொல்லும்: இந்தச் சீட்டு எந்த நாளில் உம் கைக்கு வந்தது? வந்த பிறகு எத்தனை சாயங்காலம் என் முகத்தைப் பார்த்து 'வரல மாப்ளே' என்றீர்?