வாக்காளர் பட்டியலை நம்பித் திறந்த பிரியாணிக் கடை

ஏம்பலத்தில் பிரியாணிக் கடை போட்டு மூடியவள் நான். என் கோபமெல்லாம் என் மேல்தான்.

என் கணவர் தேர்தலில் பூத் ஏஜென்ட். அவரிடம் இருந்த வாக்காளர் பட்டியலை எடுத்து, முப்பத்தைந்து வயதுக்குள் இருப்பவர்களை டிக் அடித்தேன். பக்கத்துக்குப் பக்கம் இளவட்டம். மதியம் பிரியாணி போட்டால் இவர்களே போதும் என்று, பார்த்த வேலையை விட்டுவிட்டுக் கடை திறந்தேன்.

முதல் வாரம் மதியத்தில் தெருவே காலி. பக்கத்துத் தெருப் பெரியவர் ஒருவர்தான் வந்தார்.

"இன்னாம்மா, பல்லு இல்லாதவனுக்கு பிரியாணியா? கஞ்சி இருந்தா குடு."

"பசங்கல்லாம் எங்க மாமா?"

"காலைல ஆறு மணிக்கே கம்பெனி பஸ்சுல ஏறிடுதுங்க. சோறும் அங்கியே. மீதி பேரு மெட்ராஸ்ல. ஓட்டுப் போடத்தான் ஊருக்கு வருதுங்க. உன் வூட்டுக்காரன்தான போன் போட்டு கூப்புடறான், அவன கேக்கலியா?"

கேட்கவில்லை. பட்டியலில் வயது இருந்தது. மதியம் ஆள் எங்கே இருப்பான் என்று இல்லை. மூன்று மாதத்தில் கடையை மூடினேன்.

இப்போது பாகூரில் ஓர் இடம் காலி என்கிறார்கள். ஒரு வாரமாக மதிய நேரத்தில் அங்கே போய் நின்று, யார் வருகிறார்கள், என்ன சாப்பிடுகிறார்கள் என்று என் கண்ணாலேயே பார்க்கிறேன். கடை போடும் தைரியம்தான் இன்னும் வரவில்லை.