மரங்களுக்குப் பின்னால் நின்ற ஒரு வரி

புயலடித்து மூன்றாம் நாள். ஆலங்குடிக்குக் கிழக்கே ஒரு செல்போன் கோபுரமும் வேலை செய்யவில்லை. புதுக்கோட்டைப் பொறியியல் கல்லூரிப் பேராசிரியை ஒருவர், ஆய்வுக்காகச் செய்த வயர்லெஸ் பெட்டிகளை ஊர்தோறும் தண்ணீர்த் தொட்டிகளின் உச்சியில் கட்டியிருந்தார். ஒரு பெட்டி அடுத்ததற்குக் கைமாற்ற, கோபுரமில்லாமலே செய்தி கலெக்டர் ஆபீஸ் போய்ச் சேரும்.

நான் நாளிதழ் நிருபர். கடைசிப் பெட்டி இருந்த ஊரில் தங்கியிருந்தேன். நிவாரணத்துக்கு விழுந்த தென்னை ஒவ்வொன்றுக்கும் படம் வேண்டும் என்று பேச்சு பரவியிருந்தது.

"பேப்பருக்கு மட்டும் எடுத்தா எப்புடிங்க? நம்ம தோப்புக்கும் வாங்க. நம்பர் போட்டு வச்சிருக்கேன்" என்றார் ஒரு விவசாயி. மரத்துக்கு மரம் சுண்ணாம்பில் எண் எழுதியிருந்தார்.

"பள்ளிக்கூடத்துல எழுதாததையெல்லாம் இங்கிட்டு எழுதுறாரு" என்றார் அவர் மனைவி.

எல்லா மரங்களையும் எடுத்து, பெரிய படங்களாகவே அந்தப் பெட்டி வழியாக அனுப்பினேன்.

அன்று முற்பகலில், மட்டைகளை ஒதுக்கும்போது அந்த விவசாயியைக் கண்ணாடிவிரியன் கடித்தது. சாலையெங்கும் மரங்கள் கிடந்தன. 'பாம்புக் கடி. ஆம்புலன்ஸும் மரம் அறுக்க ஆளும் தேவை' என்று ஊர்ப் பெயரோடு அனுப்பினேன். திரையில் 'அனுப்பப்பட்டது' என்று வந்தது. கட்டிலில் வைத்துத் தூக்கிப்போகக் கிளம்பியவர்களை நான்தான் நிறுத்தினேன். வண்டி வந்துவிடும் என்றேன்.

பிற்பகல்வரை செய்தி அந்த ஊர்த் தொட்டியைத் தாண்டவே இல்லை. அடுத்த ஊர்ப் பெட்டியின் பேட்டரி இறங்கிக்கொண்டிருந்தது. வண்டி வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. அவர் ஈறுகளில் ரத்தம் கசிந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் இறந்துவிட்டார்.

மறுவாரம் பேராசிரியை பெட்டியின் பதிவுகளை லேப்டாப்பில் காட்டினார்.

"பெட்டிக்குள்ள ப்ரோகிராம் அடுக்கடுக்கா இருக்கும் சார். சிக்னல் குறையுதுன்னு அலையைப் பாக்குற அடுக்குக்குத் தெரிஞ்சிருக்கு. எதை முதல்ல விடணும்னு தீர்மானிக்கிற மேலடுக்குக்கு அது சொல்லலை. வந்த வரிசையிலேயே படங்களைத் தள்ளியிருக்கு. தொலைஞ்ச துண்டுகளைத் திரும்பத் திரும்ப அனுப்பியிருக்கு."

"ஏன் சொல்லலை?"

"அடுக்குங்க ஒண்ணோட ஒண்ணு கலக்கக் கூடாதுன்னுதான் நான் பாடமே நடத்துறேன். ஒண்ணை மாத்துனா இன்னொண்ணு கெடாதுன்னு. ஒரு வார்த்தை மேல போயிருந்தா, படத்தை நிறுத்திட்டு இந்த ஒரு வரியை விட்டிருக்கும்."

அந்த வரிக்கு முன்னால் நின்றவை எல்லாம் இறந்தவருடைய மரங்கள். பேராசிரியை அடுக்குகள் பேசிக்கொள்ளும்படி மாற்றி எழுதத் தொடங்கியிருந்தார்.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போயிருந்தேன்.

"படமெல்லாம் போயிச் சேந்துருச்சாங்க?" என்று அவர் மனைவி கேட்டார்.

"ஒண்ணு விடாம சேந்துருச்சு" என்றேன்.

எப்போது என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.