பொட்டுக்காரர் பிடித்த பன்னிரண்டு தவறுகள்

டயர் கடைக்கு மேலே மூன்றாவது மாடியில் இருந்த அந்த அலுவலகத்தில் அவரைப் பொட்டுக்காரர் என்றுதான் சொல்வார்கள். அவர் பொட்டு வைத்தது நெற்றியில் இல்லை, பிறர் எழுதிய புரோகிராமில். தவறு தேட உதவும் டீபக்கர் என்ற கருவியைத் திறந்தால் புரோகிராம் திரையில் வரிவரியாக விரியும். இடது ஓரத்தில் ஒரு வரிக்கு நேராகச் சொடுக்கினால் மிளகு அளவில் ஒரு சிவப்புப் பொட்டு விழும். தலைதெறிக்க ஓடி வருகிற புரோகிராம் அந்த இடத்துக்கு வந்ததும் கப்சிப் என்று நின்றுவிடும். எங்கே நிற்கிறது என்று ஒரு மஞ்சள் அம்பு காட்டும். கீழே வாட்ச் விண்டோ என்று ஒரு சின்னப் பெட்டி. பார்க்க வேண்டியதை அதில் எழுதி வைத்துவிட்டால், புரோகிராம் நிற்கும்போதெல்லாம் அதன் மதிப்பு என்ன என்று அது சொல்லும்.

மற்றவர்கள் ஒரு புரோகிராமுக்கு மூன்று பொட்டு வைத்தால் இவர் முப்பது வைப்பார். ஒருமுறை சம்பளப் பட்டியல் புரோகிராம் ஒன்றைச் சோதிக்க உட்கார்ந்தார். அது நின்று நின்று கடைசி வரிக்கு வந்து சேர்வதற்குள் எதிர்ப்பக்கக் கட்டடத்தில் இரண்டு மாடி எழும்பிவிட்டது. ஒரு மாடிதான் என்று சாதிப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு ஜன்னல் பக்கம் இடம் கிடையாது.

வீட்டிலும் இதே கதைதான். மனைவி மருந்துக் கடையில் வேலை செய்தார். பேருந்தில் நடந்த ஒரு சண்டையைச் சுவாரசியமாகச் சொல்லத் தொடங்குவார்.

"அந்தப் பொம்பள எழுந்து..."

"இரு. எந்த சீட்டுல இருந்து எழுந்தா?"

"மூணாவது."

"அப்ப நீ எங்க இருந்த?"

"உங்ககிட்ட கதை சொல்றதுக்குப் பதிலா செவுத்துகிட்ட சொல்லலாம். அது குறுக்க பேசாது."

இப்படி இருபது வருஷம். எத்தனையோ பேர் எழுதியதை நிறுத்திப் பார்த்து, எத்தனையோ குற்றம் கண்டுபிடித்திருந்தார். ஒன்றுகூடத் தப்பாகப் போனதில்லை. அந்தப் பெருமையை அவர் வெளியில் சொல்லிக்கொள்ளவில்லை. ஆனால் நாற்காலியில் சாய்ந்து உட்காருகிற விதத்திலேயே அது தெரியும்.

மனைவியின் தம்பியும் அதே அலுவலகத்தில்தான் புரோகிராம் எழுதினான். இரண்டு வருஷ ஒப்பந்தம். அந்த மாதத்தோடு முடிகிறது. ஒரு மருத்துவமனைக்கு டோக்கன் இயந்திரம் செய்யும் வேலை அவனிடம் இருந்தது. நோயாளிகள் சீட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். டாக்டர் பொத்தானை அழுத்தினால் சுவரில் இருக்கும் பலகையில் அடுத்த எண் வர வேண்டும். அது சரியாக நடந்தால் ஒப்பந்தம் நீளும். நடக்காவிட்டால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வேறு ஊர் தேட வேண்டியதுதான். அவன் மனைவிக்கு அப்போது எட்டாம் மாதம்.

சோதித்துப் பார்க்கும் பொறுப்பு பொட்டுக்காரருக்கு வந்தது. அக்கா புருஷன் என்பதால் கண்டும் காணாமல் விட்டார் என்று ஒருவர் வாயிலும் வந்துவிடக் கூடாது. அதனால் வழக்கத்தைவிடப் பத்துப் பொட்டு அதிகமாகவே வைத்தார்.

திங்கட்கிழமை காலையிலேயே அகப்பட்டுவிட்டது. பலகையில் ஏழு. புரோகிராம் நின்றது. அடுத்தது எட்டு என்று வாட்ச் விண்டோ சொன்னது. மேலே ஓடவிட்டுப் பொத்தானை அழுத்தினார். பலகையில் ஒன்பது வந்தது. எட்டாம் எண்ணைக் கையில் வைத்திருக்கும் நோயாளி சாயங்காலம் வரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். மறுபடி ஓட்டினார். வேறு இடத்தில் பொட்டு வைத்து ஓட்டினார். சில சமயம் ஒன்று தாவியது, சில சமயம் மூன்று தாவியது. பன்னிரண்டு முறை ஓட்டினார். பன்னிரண்டு முறையும் எண் தாவியது. ஒவ்வொன்றையும் திரையோடு படம் பிடித்து அறிக்கையில் ஒட்டி மேலாளருக்கு அனுப்பினார்.

மைத்துனன் மேசைக்கு வந்து நின்றான்.

"அத்தான், என் மெஷின்ல ஆயிரம் தடவை ஓட்டிட்டேன். ஒண்ணுகூட தாவல."

"எல்லாரும் சொல்றதுதான் மாப்ள இது."

"இல்ல அத்தான், நிஜமாவே தாவல."

"நீ ஓடவிட்டுப் பாக்குற. நான் நிறுத்திப் பாக்குறேன். ஓடும்போது எவன் மூஞ்சி ஒழுங்காத் தெரியும்?"

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். மைத்துனன் சிரிக்கவில்லை. இரண்டு நாள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்காமல் தன் புரோகிராமைத் தலைகீழாகப் புரட்டினான். அங்கே ஒன்றும் இல்லாததால் ஒன்றும் கிடைக்கவில்லை. புதன்கிழமை மேலாளர் அவனைக் கூப்பிட்டு, வேலையை வேறொருவரிடம் கொடுக்கப்போவதாகவும், வெள்ளிக்கிழமை கூட்டத்தில் அவன் ஒப்பந்தத்தைப் பற்றி முடிவெடுப்பதாகவும் சொன்னார். மேலாளர் நிதானமான பெண்மணி. கெட்ட செய்தியைக் கூடத் தண்ணீர் கொடுத்துவிட்டுத்தான் சொல்வார்.

அன்று வீட்டில் தட்டு சத்தத்தோடு வந்து விழுந்தது.

"என் தம்பி என்ன திருடினானா?"

"எண் தாவுது. என் கண்ணால பாத்தேன்."

"உங்க கண்ணுக்கு என்னிக்கு நல்லது தெரிஞ்சிருக்கு?"

அதற்கு மேல் அந்த வீட்டில் பேச்சு இல்லை. உப்பு வேண்டுமென்றால்கூட அவரே எழுந்து போய் எடுத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை மத்தியானம் கூட்டத்தில் காட்டுவதற்காகப் பதின்மூன்றாவது படம் ஒன்று எடுக்க நினைத்தார். பழைய படங்களில் எழுத்து பொடியாக இருந்தது. புரோகிராமை ஓட்டி முதல் பொட்டிலேயே நிறுத்திக்கொண்டார். பலகையில் ஒன்று. வாட்ச் விண்டோவில் இரண்டு. படத்தில் பளிச்சென்று தெரியட்டும் என்று வாட்ச் விண்டோவில் இருந்த வரியில் சொடுக்கி என்டரைத் தட்டினார். இரண்டு மூன்றாகியது.

பொட்டுக்காரர் திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனார். மஞ்சள் அம்பு இருந்த இடத்திலேயே இருந்தது. புரோகிராம் நின்றுகொண்டிருக்கிறது. நின்றுகொண்டிருக்கும் ஒன்றில் எண் எப்படி நகரும்? மறுபடி என்டர். நான்கு. மறுபடி என்டர். ஐந்து.

 தான் அந்தப் பெட்டியில் எழுதி வைத்திருந்ததை முதன்முறையாக நிதானமாகப் படித்தார். எழுதியிருந்தது ஏதோ ஒரு மதிப்பின் பெயர் இல்லை. "அடுத்த எண்ணைக் கொடு" என்ற கட்டளை. கேட்டால் கொடுத்துவிட்டு அதற்கடுத்த எண்ணுக்கு நகர்வதுதான் அதன் வேலை. புரோகிராம் நின்ற ஒவ்வொரு முறையும் வாட்ச் விண்டோ அதைக் கூப்பிட்டு ஓர் எண்ணை வாங்கி விழுங்கியிருக்கிறது. எத்தனை இடத்தில் நிறுத்தினாரோ அத்தனை எண் போயிருக்கிறது. நிறுத்தாமல் ஓட்டிய மைத்துனனுக்கு ஒன்றும் தாவவில்லை. அவன் எழுதியதில் குற்றம் இல்லை. பன்னிரண்டு படத்திலும் இருந்தது இவருடைய கைவேலை.

பெட்டியில் இருந்த அந்த வரியை அழித்துவிட்டு ஓட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று நல்ல பிள்ளையாக வந்தது. நாற்பதுவரை பார்த்தார்.

இப்போது ஒரு வழி இருந்தது. மைத்துனன் ஏதோ ஒரு வரியைத் திருத்தினான், எண் தாவுவது நின்றுவிட்டது என்று எழுதிவிடலாம். அவன் வேலையும் பிழைக்கும், இவர் பெயரும் பிழைக்கும். அப்படி ஒரு அறிக்கையில் இரண்டு வாக்கியம்கூட எழுதினார். நன்றாகத்தான் வந்தது. ஆனால் திருத்தியதாகச் சொன்னால் திருத்துவதற்கு ஏதோ இருந்தது என்றாகிவிடும். ஒப்பந்தத்தைப் பற்றி முடிவெடுப்பவர்கள் அதைத்தான் பார்ப்பார்கள். இரண்டு வாக்கியத்தையும் அழித்துவிட்டு எழுந்தார்.

மைத்துனன் தலையைக் குனிந்து திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாப்ள, உன் புரோகிராம்ல தப்பு இல்ல."

"அதத்தான் நான் நாலு நாளா சொல்றேன்."

"நம்பர முழுங்கினது நான்."

விஷயத்தை முழுவதும் சொன்னார். அவன் கேட்டான்.

"முன்னாடியே அந்த வரியப் பாக்கலயா அத்தான்?"

"அதுல வர்ற நம்பரத்தான் பாத்தேன்."

"வாங்க, மேடத்துகிட்ட போலாம்."

மேலாளருக்கு ஒரே தடவையில் புரியவில்லை. "பன்னிரண்டு படம் அனுப்பியிருக்கீங்க. அதுல எண் தாவுதா இல்லையா?" என்று கேட்டார்.

"தாவுது மேடம். நான் பாக்குறதால தாவுது."

"நீங்க பாக்கலன்னா?"

"ஒழுங்கா வரும்."

மேலாளர் இருவருக்கும் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். மைத்துனன்தான் ஒரு தாளை எடுத்து, கட்டங்கள் போட்டு, பொறுமையாக விளக்கினான். அக்கா புருஷனை ஒரு இடத்திலும் கிண்டல் செய்யவில்லை. அது பொட்டுக்காரருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

இயந்திரம் சனிக்கிழமை மருத்துவமனைக்குப் போனது. ஒப்பந்தம் இரண்டு வருஷம் நீண்டது. வீட்டில் பேச்சுவார்த்தை ஞாயிற்றுக்கிழமை மறுபடி தொடங்கியது, முதல் வார்த்தை "குடை எங்க?" என்பது. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் மேலாளர் ஒரு புது ஏற்பாடும் செய்திருந்தார். இனி பொட்டுக்காரரின் எந்த அறிக்கையும் மைத்துனன் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் வெளியே போக வேண்டும்.

அதனால் வாரம் ஒருமுறை அவர் தாள்களை எடுத்துக்கொண்டு மைத்துனன் மேசைக்குப் போகிறார். அவன் நாற்காலியை இழுத்துப் போடுகிறான், அவர் உட்காருவதில்லை. அவன் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படிக்கிறான். அவசரப்படுவதே இல்லை.

"இந்தப் படம் எடுக்கும்போது வாட்ச் விண்டோவுல என்ன எழுதியிருந்தீங்க அத்தான்?"

அவர் சொல்கிறார். அவன் அடுத்த வரிக்குப் போகிறான்.