தகரக் கொட்டகை இராக்கம்மா

பதுளையில தகரக் கொட்டகைத் தியேட்டரை மூடி ஒரு வருசம் ஆகப்போகுது. நல்ல படம் வராம மூடலைங்க. மழை பெஞ்சா கூரைச் சத்தத்துல ஒரு வசனம் காதுல விழாது. ஊவா மழை நம்ம சௌகரியத்துக்கா பெய்யும்? ஆளு வர்றது நின்னுபோச்சு. இருந்தவரைக்கும் பொம்பளைங்க எங்களுக்குக் காது இராக்கம்மாதான்.

பெண்கள் பக்கத்து வாசல்ல டிக்கட் கிழிக்கிறது அவ வேலை. புருசன் செத்த பிறகு தேயிலைத் தோட்டத்து லயத்தை விட்டு டவுனுக்கு வந்து, அந்தச் சம்பளத்துலதான் ரெண்டு பொம்பளப் புள்ளைகளை வளர்த்தா. முதல் நாளே படத்தைப் பாத்துருவா. மறுநாள் மழை பெஞ்சா வசனத்தையெல்லாம் கத்திச் சொல்லுவா. அதோட விட்டாளா? யாராச்சும் மூக்கைச் சிந்தினா போதும், "அழாதடி, கடைசில அவன் வந்துருவான்"னு முடிவையும் போட்டு உடைச்சிருவா. பாவி! அழுறதுக்குத்தானே நான் ரெண்டு மைல் நடந்து வந்தேன்?

ஆம்பளைங்க போய் முறையிட்டாங்க. முதலாளி றஹீம் கண்டிசனா சொல்லிட்டாரு: "இன்னொருக்கா வாயத் தொறந்தா வேலை இல்ல, புள்ள."

ஐம்பத்தஞ்சாம் வருசத் தீபாவளிக்கு ஒரு புதுப்படம். பக்கத்து ஊரு பண்டாரவளையில ஓடி முடிய முடிய, அதே ரீல் ஒவ்வொண்ணா பஸ்ஸுல இங்க வரும். அன்னைக்கு ரோட்டுல மண்சரிவு. கடைசி ரீல் வரலை. கதாநாயகி விஷத்தைக் கையில எடுத்தா, அவ்வளவுதான், திரை வெள்ளையாயிருச்சு! ஜனம் பெஞ்சைத் தூக்கிருச்சு. முதலாளி வேர்த்து விறுவிறுத்து ஓடியாந்தாரு. "இராக்கம்மா, முடிவச் சொல்லு புள்ள!"

அவளுக்கு மட்டும் எப்படித் தெரியும்? அதுதானே முதல் காட்சி! ஆனாலும் முன்னாடி போய் நின்னு அளந்தா பாருங்க... விஷத்தைப் பூனை தட்டி விட்டுச்சாம், அதுல வில்லன் வழுக்கி விழுந்தானாம், கல்யாணமாம், விருந்துல வடையாம். கொட்டகை முழுக்க ஒரே கைதட்டு.

மறுநாள் ரீல் வந்துச்சு. எல்லாரும் மறுபடி கொட்டகைக்குப் போனோம். அந்தப் பொண்ணு விஷத்தைக் குடிச்சு செத்தே போயிட்டா. "பொய் ரீல்! பூனை எங்கய்யா?"ன்னு ஆம்பளைங்க கத்துறாங்க. போச்சு, இராக்கம்மா வேலை போச்சுன்னு நினைச்சேன். முதலாளி கோபமா எங்க பக்கம் வந்தாரு.

அங்க இராக்கம்மா வாசப்படியில உக்காந்து தேம்பித் தேம்பி அழுறா. "நான் நல்லாத்தானே முடிச்சு வச்சேன்!"

நாங்க நாப்பது பேரும் அவளைச் சுத்தி நின்னோம். "அழாதக்கா, அவ சாகலை. பூனை வந்துருச்சு."

முதலாளி தொப்பியைக் கழட்டிக் கண்ணைத் துடைச்சாரு. "ஓம், ஓம், பூனை வந்துட்டு புள்ள. நாளைக்கு நேரத்தோட வேலைக்கு வா."